மாமியார் மணிக்கட்டில் ஒரு கருவி

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து முதியோருக்காகவும் நோயாளிகளுக்காகவும் புதிய கருவிகளை உருவாக்கிச் சோதித்துவருவதைப் பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவக் கல்லூரி ஒன்றில், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைத் தொடங்குமுன் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் சில ஆண்டுகள் பொது உறுப்பினராக உட்கார்ந்து, மருத்துவம் படிக்காதவன் என்ற ஒரே தகுதியோடு கோப்புகளைப் படித்தவன் என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். சென்ற வாரம் மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் ஆய்வு என்று சொல்லி, கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியை ஆறு மாதம் கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். ஒன்பது பக்கப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். துபாயில் இருக்கும் என் கணவர் ‘போட்டுவிடு’ என்கிறார். மாமனார் ‘கூடவே கூடாது’ என்கிறார். நான் என்ன செய்வது?
— ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, மாமனார் சொன்னது இருக்கிறது, கருவியைக் கட்டிக்கொள்ளப் போகிற மாமியார் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவர் நினைவு தெளிவாக இருப்பவர் என்றால், செல்லக்கூடிய ஒப்புதல் அவருடையது மட்டுமே. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு படிவம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டி, அவர் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன பிறகே கைநாட்டு வாங்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் உள்ளது. ஆகவே, அந்தப் பெண்கள் அடுத்த முறை வரும்போது திண்ணையில் மாமியாரை உட்காரவைத்து, அவரிடமே பேசச் சொல்லுங்கள்.

ஒன்பது பக்கம் என்றதும் மலைக்க வேண்டாம். அதில் முன்பகுதி தகவல் தாள்; கடைசி ஒன்றிரண்டு பக்கங்கள்தான் ஒப்புதல் படிவம். தகவல் தாளின் தமிழ் புரியவில்லை என்றால் குறை உங்களுடையது அல்ல. எங்கள் குழுவுக்கு ஒருமுறை இப்படித்தான் கைக்கருவி ஆய்வு ஒன்று வந்தது. வெளிநாட்டில் எழுதிய ஆங்கிலப் படிவத்தை யாரோ வரிக்கு வரி பெயர்த்திருந்தார்கள். ‘நீங்கள் சீரற்ற முறையில் ஒரு கைக்கு ஒதுக்கப்படுவீர்கள்’ என்று அதில் ஒரு வாக்கியம். ஆய்வில் பங்கேற்பவர்களை இரண்டு பிரிவாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு பிரிவையும் ஆங்கிலத்தில் ‘கை’ என்று சொல்லும் வழக்கம் உண்டு; அது அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. தேநீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளரிடம் அதைப் படித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். ‘இடது கையா வலது கையான்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க போல’ என்றார். கட்டப்போவது மணிக்கட்டில் என்பதால் அவர் புரிந்துகொண்டதில் தவறு சொல்லவே முடியாது. ‘சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் உங்களை இரண்டு குழுக்களில் ஒன்றில் சேர்ப்போம், ஒரு குழுவுக்குக் கருவி கிடைக்கும், மற்றதற்கு இப்போது கிடைக்காது’ என்று மாற்றி எழுதிய பிறகுதான் அந்தக் கோப்பு நகர்ந்தது.

இனி, அந்தப் பெண்களிடம் கட்டாயமாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. மாமியார் விழுந்தால் அந்தக் கருவி யாருக்குச் சொல்லும்? பெரும்பாலான குடும்பங்கள், கருவியைக் கட்டிவிட்டால் விழுந்த மறுநிமிடம் யாரோ ஓடிவருவார்கள் என்று நம்பிவிடுகின்றன. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பல, நடையின் வேகத்தையும் தடுமாற்றத்தையும் பதிவு செய்துகொள்வதோடு சரி. பதிவான தகவலை வாரக்கணக்கில் கழித்துத்தான் எங்கோ ஒரு கணினியில் எடுத்துப் பார்ப்பார்கள். ஆய்வுக்கு அது போதும்; உங்கள் வீட்டுக்குப் போதாது. அவர்களுடைய பதில் ‘பதிவு மட்டும்தான்’ என்று இருந்தால், அது ஏமாற்று வேலை ஆகிவிடாது. ஆனால் கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில் மாமியாரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வங்கிக்குப் போகக் கூடாது என்று அதற்குப் பொருள்.

தகவல் எங்கே போகிறது, இருப்பிடத்தையும் அது குறித்துக்கொள்கிறதா, பெயரை நீக்கிவிட்டுத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களா என்பனவற்றையும் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெற்றுக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்கிறது. ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு என்றாலும், தமிழில் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அதில் முதன்மை ஆய்வாளரின் தொலைபேசி எண்ணோடு நெறிமுறைக் குழுச் செயலாளரின் எண்ணும் இருக்கும். இரண்டாவது எண் இல்லாத படிவத்தை நான் இருந்த குழு திருப்பி அனுப்பிவிடும். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். எந்த நாளும், காரணம் சொல்லாமலே, கருவியைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். அதனால் அந்த மருத்துவமனையில் மாமியாருக்குக் கிடைக்கும் சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்து, மாமியாருக்கும் சம்மதம் என்றால், நான் உங்கள் கணவர் பக்கம். முதியவர்கள் விழுவதைப் பற்றிய கணக்குகள் பல குளிர்நாட்டில், கம்பளம் விரித்த தரையில், காலணியோடு நடப்பவர்களை வைத்துப் போடப்பட்டவை. நெல்லிக்குப்பத்துச் சிமெண்டுத் தரையில் ஈரக்காலோடு, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி நடக்கும் 74 வயதுப் பெண்மணியின் நடை அந்தக் கணக்கில் ஏற வேண்டும். ஆய்வு ஆறு மாதம் ஓடட்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றை இந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதித்துவிடுங்கள்.

*

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நம் ஊர் நோயாளிகள் மீது திடீரென்று என்ன இவ்வளவு அக்கறை? நாம் சோதனைச்சாலை எலிகளா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஐயா, திடீரென்று வந்த அக்கறை என்று சொல்ல முடியாது. ஜிப்மரின் வேரே 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. அண்மைக் காலத்துக்கு வந்தால், அதே ஜிப்மர் அமெரிக்காவின் பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து புதுச்சேரியிலும் உங்கள் கடலூர் மாவட்டத்திலும் விழுப்புரத்திலும் காசநோயாளிகளையும் அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வசிப்பவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு இருக்கிறது. செலவில் இந்திய அரசுக்கும் அமெரிக்க அரசுக்கும் பங்குண்டு. அவர்களுக்கு வேண்டியது காசநோய் மிகுதியாக இருக்கும் இடம். நமக்கு வேண்டியது, சத்துக்குறைவும் குடியும் நோயை எப்படி வளர்க்கின்றன என்பதற்கு நம் ஊரிலிருந்தே கிடைக்கும் சான்று. இருவருக்கும் ஆதாயம் உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

எலி என்ற சொல்லில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம்மைச் சேர்க்காமல் செய்த கருவி என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே, ஆக்சிஜன் அளக்கும் அந்தக் கருவி, கறுப்பு நிறத்தவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும்போதும் சரியாக இருப்பதாகக் காட்டிவிடும் தவறை, வெள்ளை நிறத்தவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகச் செய்கிறது என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள். கருவி ஒளியைச் செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமி அந்த ஒளியில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்கிறது. நம் தோல் என்ன நிறம் என்பது உங்களுக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே கதைதான். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருளைச் சரிபார்ப்பதில், தவளக்குப்பத்தில் கடலூர்ச் சாலையோரம் நாம் பார்க்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் நிர்வாகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அதே மென்பொருளைத் தாய்லாந்தின் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது, அங்கே எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவு போதாது என்று கணினி தள்ளிவிட்டது. செவிலியர்கள் இருட்டாக்க முடியாத அறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இணையமும் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆய்வகத்தில் தேறிய அறிவு அந்த அறையில் தடுமாறியது. இதை மறைக்காமல் 2020-இல் கூகுள் ஆய்வாளர்களே எழுதி வெளியிட்டார்கள் என்பதற்காக அவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பங்கோ பணமோ உள்ள சுகாதார ஆராய்ச்சி எதுவும், கல்லூரியின் நெறிமுறைக் குழுவைத் தாண்டியதோடு ஓடிவிட முடியாது, ஐ.சி.எம்.ஆர். வழியாக மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். நெறிமுறைக் குழுவின் தலைவர் அந்தக் கல்லூரியைச் சேராதவராக இருக்க வேண்டும் என்பதும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும் என்னைப் போன்ற ஒரு பாமரனும் அதில் இருக்க வேண்டும் என்பதும் விதி. விதி இருக்கும் இடத்தில் எல்லாம் அது உயிரோடு இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தூங்கி வழிந்த கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: நான் செவிலியர் பட்டப்படிப்பு மாணவி. இங்கிலாந்து வேலை விளம்பரங்களிலும் ஆய்வு அறிவிப்புகளிலும் ‘சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும்’ என்று சேர்த்தே வருகிறது. சமூகப் பராமரிப்பு என்றால் என்ன?
— ஒரு மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை செய்து தையல் பிரிக்கும் வரை நடப்பது சுகாதாரம். அதன் பிறகு அவரைக் குளிப்பாட்டுவது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, கஞ்சி காய்ச்சித் தருவது, சாயங்காலம் அரைமணி நேரம் பேச்சுத் துணைக்கு உட்காருவது எல்லாம் சமூகப் பராமரிப்பு. இங்கிலாந்தில் முதலாவதை 1948 முதல் அரசின் தேசிய சுகாதார சேவை கட்டணமின்றி நடத்துகிறது. இரண்டாவதற்கு உள்ளாட்சி அமைப்புகள் பொறுப்பு. வசதி உள்ளவர்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இழுத்துக்கொண்டு போவதால், வீட்டுக்கு அனுப்பத் தகுந்த முதியவர், வீட்டில் பார்க்க ஆளில்லாமல் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடக்க நேர்கிறது. அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறையின் பெயரிலேயே 2018-இல் இரண்டையும் சேர்த்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

நமக்கு அந்தச் சொல் அந்நியமாக இருப்பதற்குக் காரணம், நம் ஊரில் அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. மேலே கடிதம் எழுதிய நெல்லிக்குப்பத்து மருமகள்தான் நம்முடைய சமூகப் பராமரிப்புத் துறை. பிள்ளைகள் பாரிசிலும் சிங்கப்பூரிலும் இருக்க, புதுச்சேரியில் பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் வசிக்கும் குடும்பங்களில் அந்தத் துறைக்கு ஆளே இல்லை. 2021-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வந்ததை, அந்தத் திசையில் வைத்த ஓர் அடியாகவே நான் பார்க்கிறேன்.

ஆய்வில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்ட் மற்றும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்திய முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வைத் தேடிப் படியுங்கள். 2017–18-இல் நடந்த அதன் முதல் சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 72,000 பேரைச் சந்தித்தார்கள். நோய்களைக் கேட்டதோடு நிற்காமல், குளிக்க, உடுத்த, எழுந்து நடக்க யார் உதவுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். கைப்பிடியின் வலிமையைக்கூட அளந்திருக்கிறார்கள்.

*

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பல்கலைக்கழகக் குழு கைபேசிச் செயலி ஒன்றைக் கொடுத்து, இரண்டு வருடம் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பதியச் சொன்னது. பிராஜெக்ட் முடிந்ததும் செயலி திறக்கவே இல்லை. இப்படி விட்டுவிட்டுப் போவதற்கு எதற்காக வர வேண்டும்?
— ஒரு இளைஞர், வீராம்பட்டினம்

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை உங்கள் ஊரிலிருந்து எழுதியிருப்பதுதான் சிறப்பு. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வில்லியனூர் மையத்தில் எடுத்து அனுப்ப, வீராம்பட்டினத்தில் அதை ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கணினியை எல்லோரும் தொட வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று காலை, நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்ததும், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் இருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகவே எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் மக்கள் பிழைத்தார்கள். அலை உயரம் வாசிக்க மாட்டிய கருவி ஊரின் கைக்குப் பழகியிருந்ததால்தான், யாரும் திட்டமிடாத வேலைக்கும் அது உதவியது.

உங்கள் செயலி ஏன் திறக்கவில்லை என்பதை ஊகிப்பது எளிது. தகவல் சேரும் கணினிக்கு மாத வாடகை கட்ட வேண்டும். நிதி நின்ற மாதம் அதுவும் நின்றிருக்கும். வெளிநாட்டு நிதி சொல்லாமல் கொள்ளாமலும் நிற்கும். 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், தன்னிடம் பணம் பெறும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறையை, புது ஏற்பாடு வரும்வரை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கடல் கடந்த ஒரு முடிவு, களப்பணியாளர் பெண்ணின் மாதச் சம்பளத்தில் வந்து விடிகிறது.

நிலைத்து நின்ற கூட்டுறவு ஒன்றையும் சொல்கிறேன். அரவிந்த் மருத்துவமனை தேனிப் பகுதிக் கிராமங்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தபோது, அங்கிருந்து மருத்துவரோடு காணொளியில் பேசுவதற்கான இணைய வசதி இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வந்து, வீட்டுக்குள் பயன்படும் சாதாரண வைஃபையை உயரக் கம்பங்களில் திசை ஆண்டெனா பொருத்தி, மென்பொருளையும் மாற்றி, பல கிலோமீட்டர் தூரம் எட்டவைத்தார்கள். உண்மையான தலைவலி பிறகுதான் வந்தது. நம் மின்சாரத்தின் வோல்டேஜ் ஏற்ற இறக்கம் கருவிகளைப் பழுதாக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியுமா? மின்சாரத்தைச் சீராக்கும் ஏற்பாட்டைச் செய்து, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உள்ளூர் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் கம்பி தளர்ந்தால் எந்த விளக்கு அணையும் என்று தெரிந்தவர் உள்ளூரில் ஒருவர் இருந்தார் என்பதால்தான் மையங்கள் ஓடின.

அடுத்த குழு உங்கள் ஊருக்கு வந்தால், ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரவைத்து மூன்று செய்திகளை எழுதி வாங்குங்கள்: பிராஜெக்ட் முடிந்த மறுநாள் இதை நடத்தப்போவது யார், பழுது பார்க்க ஊரில் யாருக்குப் பயிற்சி தருவார்கள், பதிந்த தகவலின் பிரதியை அந்தந்த நோயாளியின் கையில் காகிதத்தில் தருவார்களா. மூன்றாவது மிகச் சிறிய விஷயம்தான். ஆனால் உங்கள் அம்மாவின் இரண்டு வருடச் சர்க்கரை அளவு அடங்கிய ஒரு தாள் இருந்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கலாம்.

*

கேள்வி: நாங்கள் நான்கு பேர் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள். காசநோயாளி மாத்திரை எடுத்தாரா என்று கண்காணிக்கும் பெட்டி ஒன்றைச் செய்திருக்கிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சோதிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
— மாணவர்கள், காலாப்பட்டு

பதில்: பெட்டியைப் பற்றிப் பேசுமுன், ‘99 டாட்ஸ்’ என்ற முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். நோயாளி அந்த எண்ணுக்குக் காசு செலவில்லாத மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை கணக்கில் ஏறும். மைக்ரோசாஃப்டின் பெங்களூரு ஆய்வகத்தில் பிறந்த யோசனை. நாட்டின் காசநோய்த் திட்டத்திலும் இடம்பெற்றது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தபோது, மிஸ்டு கால் கணக்கும் சிறுநீர்க் கணக்கும் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அழைக்க மறந்தவர்கள் இருந்தார்கள். அழைத்துவிட்டு விழுங்காதவர்களும் இருந்தார்கள். உங்கள் பெட்டியும், மூடியைத் திறந்ததைத்தான் அறியும். தொண்டைக்குள் இறங்கியதை அறியாது.

ஆகவே வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன், ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்குப் போய், காசநோய்ப் பிரிவில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பணியாளர்களைப் பாருங்கள். மாத்திரையை விட்டுவிடுபவர் ஏன் விடுகிறார் என்று அவர்களிடம் கேளுங்கள். வயிற்றைப் புரட்டுவதாலா, அதிகாலையில் வேலைக்குப் போவதாலா, வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயத்தாலா? கடைசிக் காரணம்தான் என்றால், பீப் ஒலி எழுப்பும் பெட்டியை அவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக மாட்டார். சமூக மருத்துவத் துறையின் பேராசிரியர் ஒருவரை முதன்மை ஆய்வாளராகப் பிடித்துக்கொண்டால், நெறிமுறைக் குழு, ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு, அமைச்சகக் குழு என்ற வரிசையை அவர் கவனித்துக்கொள்வார். வெளிநாட்டுக் கூட்டாளியும் பெரும்பாலும் அவர் வழியாகவே கிடைப்பார். ஒன்றை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள்: அந்தப் பீப் ஒலியை அணைக்க ஒரு பொத்தான் வையுங்கள்.